எண்ணி அழுத்திய என்டர்

"யாரும் பாத்துர மாட்டாவல்லா, யக்கா?"

ஸ்டெல்லா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். கேட்கும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

ஆவடியில் குவார்ட்டர்ஸை ஒட்டி ஒரு தையல் சங்கம். சங்கம் என்றால் ஒரே ஒரு அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரோரம் ஒன்பது பவர் மிஷின், ஒன்பது பெண்கள். பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் ராணுவ ஃபாக்டரியில் வேலை. ஸ்கூல் யூனிஃபார்ம், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு என்று ஆர்டர் எடுத்துத் தைப்பார்கள். பில் போடவும் அளவு எழுதி வைக்கவும் எங்கள் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுக்க நான் போயிருந்தேன். ஏழெட்டு வருஷம் இருக்கும்.

அறை முழுக்க மிஷின் எண்ணெய் வாசனை. புதுத் துணியின் கஞ்சி வாசனை. கீபோர்டைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினால் அதன்மேல் மறுபடி நூல் பஞ்சு.

ஒன்பது பேருக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே ஒரு போல்டர் உண்டாகும். அவரவர் எழுதுவது அவரவர் போல்டரில் சேரும். லினக்ஸில் அதை ஹோம் என்பார்கள். பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் அவரவருடையது மட்டும் திறக்கும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

ஸ்டெல்லா கேட்டதும் பக்கத்து மிஷினிலிருந்து நஸ்ரீன் தலையைத் தூக்கினாள். இரண்டு பேரும் உயிருக்கு உயிர். ஸ்டெல்லா திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நஸ்ரீன் இங்கேயே பிறந்தவள்.

"இன்னாடி, லவ் லெட்டரா எழுதப் போறே?"

"ஆமா, ஒம் மாப்பிள்ளைக்கு."

"எழுதிக்கோ. அப்டியே அவனையும் இட்டுகினு போயிடு."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"பாஸ்வேர்டு உன்கிட்டதானே கீது? வேற யாரும் பாக்க முடியாது."

அந்த வார்த்தையை நம்பி அவள் எழுத ஆரம்பித்தாள்.

சிவப்பில் அழுத்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி மூடியதைப் போன வாரம் இதே பக்கத்தில் எழுதினேன். எலக்ட்ரானிக் போர்டுக்கு ஈயம் வைக்கும் வேலை. பதினோரு வருஷம் அந்தப் புகை. போர்டைப் பார்த்துப் புள்ளியை எண்ணி வைப்பேன். அது எந்தச் சாமானுக்குப் போகிறது என்று தெரியாது. கேட்டதும் இல்லை.

கம்பெனி மூடிய பிறகு தங்கராஜ் கடையில் சேர்ந்தேன். எல்லாருக்கும் அவர் அண்ணாத்தே. என்னைவிட இரண்டு வயது சின்னவர், இருந்தாலும் அண்ணாத்தேதான். ஆபீஸ்களில் கழித்துப் போடும் கம்ப்யூட்டரை மொத்தமாக எடுத்து, துடைத்து, சரிபண்ணி விற்பார். பழைய மிஷினில் விண்டோஸ் நகராது. லினக்ஸ் நகரும்.

நான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும். எழுத்துக்கூட்டினால் வார்த்தை வரும். வரி வராது. முதல் நாளே அண்ணாத்தேயிடம் சொல்லிவிட்டேன்.

"படிச்சிகினு ஒக்காந்தா பொழுது பூடும். எண்ணிக்கோ. எது செவப்பா கீதோ அதுல என்டர் தட்டு," என்றார்.

லினக்ஸ் ஏற்ற ஆரம்பித்தால் நீலத் திரை வரும். நடுவில் சாம்பல் கட்டம். கட்டத்துக்குள் இங்கிலீஷில் ஏதோ கேள்வி. கீழே இரண்டு பதில். ஒன்று சிவப்பாக இருக்கும். அதில் என்டர். ஹார்டு டிஸ்கைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டும். பிறகு பெயர் போடும் இடம். ஒவ்வொரு பெயருக்கும் அறை நம்பர், ஆபீஸ் போன், வீட்டு போன் எல்லாம் கேட்கும். நம் ஆட்களுக்கு ஏது அறை நம்பர்? என்டர், என்டர், என்டர். கடைசியில் எல்லாம் சரியா என்று கேட்கும். சரி.

எந்த இடத்தில் எத்தனை என்டர் என்பது விரலில் ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு மிஷின் போடுவேன். கடையில் என்னைவிட வேகம் யாரும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு முறை எண்ணிக்கை தவறியது. பூந்தமல்லியில் ஒரு டியூஷன் வாத்தியார். புது லினக்ஸ் போட வேண்டும், ஆனால் பழைய ஹோமைத் தொடக்கூடாது. ஒரு என்டர் கூடிப்போனது. வருஷக்கணக்கில் அவர் சேர்த்த கேள்வித்தாள் எல்லாம் போயிற்று. நான் எழுந்து நின்றேன். 

வாத்தியார் வெற்றுத் திரையை நெடுநேரம் பார்த்தார். "விடும்மா. பசங்க சந்தோஷப்படுவானுங்க," என்றார்.

அன்றிலிருந்து இன்னும் கவனமாக எண்ணினேன். படிக்கப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

கீழே உட்கார்ந்திருந்தாள்

தையல் சங்கத்துக்கு இரண்டாம் முறை போனது ஏழெட்டு மாதம் கழித்து. புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பெயர் போட்டுத் தர வேண்டும் என்று வசந்தா போன் செய்தார். வசந்தாதான் அங்கே செயலாளர். ஆர்டர், அளவு, கணக்கு எல்லாம் அவர் கையில். பெரிய குரல். கெட்ட மனுஷி இல்லை.

உள்ளே போனேன். ஸ்டெல்லா மிஷினில் இல்லை. தரையில் கோணிமேல் உட்கார்ந்து கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மிஷினில் புதுப் பெண். அடுத்த மிஷின் துணி போட்டு மூடிக் கிடந்தது.

"நஸ்ரீன் எங்க?" என்றேன்.

எல்லாரும் துணிமேல் குனிந்துகொண்டார்கள். மிஷின் சத்தம்தான் கூடியது.

வசந்தா என்னை வெளியே குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

"ஸ்டெல்லாவுக்கு வலிப்பு இருக்குது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாருக்குமே தெரியாது. மறைச்சுத்தான் கட்டிக் குடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரில டாக்டர், எப்ப எப்ப வருது, எவ்ளோ நேரம் இருக்குதுன்னு எழுதி வெக்கச் சொன்னாராம். வீட்ல நோட்டுல எழுதினா மாமியா கண்ணுல படும். போனு வீட்டுக்காரரோடது. அதனால இந்தக் கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருக்கா."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினேன்.

"எப்படியோ வெளிய வந்துடுச்சு. பவர் மிஷின்ல இருக்கறப்ப வந்து, கையில ஊசி ஏறிட்டா யார் பதில் சொல்றது? அவ நல்லதுக்குத்தான் கீழ உக்கார வெச்சேன். அவ வீட்டுக்கும் தெரிஞ்சுபோச்சு. அவ அம்மாவை ஊர்லருந்து வரவெச்சு, மாமியா கேள்வி மேல கேள்வி. ஒரே ரகளை."

"நஸ்ரீன்?"

"அவ ஒருத்திக்குத்தான் முன்னாடியே தெரியும். ஒருவாட்டி பஸ்ல வந்தப்ப அவதான் புடிச்சாளாம். அதான் ஸ்டெல்லா எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா, நீதானே சொன்னேன்னு. அவ இல்லன்னா. இவ நம்பல. அன்னிக்குப் போனவ வரவே இல்ல."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. விடுங்க."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். புதுப் பெண்ணுக்குப் பெயர் போட்டேன். எண்ணி எண்ணி அழுத்தினேன். அவள் பெயரில் திறந்து பார்த்தேன். திறந்தது. வசந்தா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இவளுக்கு மாதிரி பில் ஒண்ணு வேணும். மேல இருக்கற போல்டருக்குப் போங்க, எல்லார் பேரும் வரும். என்னோடதுல இருக்கும், எடுத்துக்குங்க."

கை நின்றுவிட்டது.

"மேல போனா மத்தவங்களுது தெறக்குதா?"

"தெறக்குமே. எப்பவும் தெறக்கும்."

சொல்லிவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே போனேன். ஒன்பது பெயரும் வரிசையாக நின்றன, புதியதோடு பத்து. ஸ்டெல்லா பெயரை அழுத்தினேன். புதுப் பெண்ணின் கணக்கிலிருந்து ஸ்டெல்லாவின் போல்டர் திறந்தது. உள்ளே கடிதம் மாதிரி ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் அழுத்தினேன்.

'காலையில். தண்ணீர் பிடிக்கும்போது. வலது கை இழுத்தது. நாக்கு கடிபட்டது. யாரும் பார்க்கவில்லை.'

மூடிவிட்டேன். நானும் பார்த்துவிட்டேன்.

அண்ணாத்தே சொன்னது

வெளியே வந்து கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணாத்தே, ஒருத்தர் ஹோமை இன்னொருத்தர் பாக்க முடியுது. இன்னா இது?"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நடுவுல ஒரு கேள்வி வரும். எல்லாரும் எல்லார் ஹோமையும் படிக்கலாமான்னு. எஸ்ஸுதான் செவப்பா கீது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஊட்ல ரெண்டு பேர் வெச்சிக்கிற மிஷினு. எவன் பாக்கப் போறான்னு வுட்டேன். ஒம்பது பேர் குந்துற எடத்துக்கும் அப்டியேவா போட்டே?"

"எண்ணித்தான் போட்டேன்."

அவர் திட்டவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் உள்ளே போய், காதில் போனை வைத்துக்கொண்டே அடித்தேன். ஐந்து எழுத்தில் ஒரு கட்டளை, பிறகு எழுநூறு என்று ஒரு நம்பர். பெயர்களுக்கு முன்னால் நீளமாக நின்ற எழுத்துகளில் பாதி மறைந்து, அந்த இடத்தில் வெறும் கோடு வந்தது. பூட்டியாயிற்று. அடித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பூட்டிட்டியா? சாமானை எடுத்துகினு வா. வாயைத் தொறக்காதே."

"ஒரு பொண்ணு மேல பழி கீது, அண்ணாத்தே."

"அது அவங்களுக்குள்ள."

"நாம பண்ணது."

"தோ பாரு. கொரட்டூர்ல போட்டுகீறோம், பூந்தமல்லில போட்டுகீறோம். நாளைக்கு எல்லாரும் கடை வாசல்ல வந்து நிப்பான். கடை பூட்டுனா நீயும் ரோட்லதான். அப்பறம் உன் இஷ்டம்."

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு கம்பெனி மூடி, வேலை இல்லாமல் இருந்த ஒன்றரை வருஷம் எனக்கு மறக்கவில்லை. குழாயில் முகம் கழுவினேன். தண்ணீர் வெயிலில் சூடாக வந்தது.

மிஷின் நின்றது

"கொஞ்சம் மிஷினை நிறுத்துங்க," என்றேன்.

ஒவ்வொன்றாக நின்றது. மேலே ஃபேன் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

"இந்தக் கம்ப்யூட்டர்ல யார் எழுதினாலும் மத்த எல்லாரும் படிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்படிப் போட்டது நான். யாரும் பாக்க முடியாதுன்னு ஸ்டெல்லாகிட்ட சொன்னதும் நான். எவளும் வாயால சொல்லணும்னே இல்ல."

எனக்கு அவ்வளவுதான் சொல்ல வந்தது.

 வசந்தா கட்டிங் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் காணாமல் போயிருந்தது.

"பில்லு தேடித்தான் போனேன். அவ பேர் இருந்துச்சு. தெறந்துட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. நஸ்ரீன் அழுதுகினே போனா, நீங்களும் பாத்துகினுதானே இருந்தீங்க?" என்றாள் ஒருத்தி.

"அடுத்தவளோடதைத் தெறந்து படிச்சேன்னு எப்பிடிடி சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

ஸ்டெல்லா கையில் ஊசி அப்படியே இருந்தது.

"யக்கா, யாரும் பாக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன்."

"தெரியாமலா சொன்னிய?"

"தெரியும்னு நெனச்சிகினு சொன்னேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பொத்தானில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து வந்தாள்.

"இப்பம் பூட்டியாச்சா? காட்டுங்க."

புதுப் பெண்ணின் பெயரில் போய் ஸ்டெல்லா போல்டரை அழுத்திக் காட்டினேன். அனுமதி இல்லை என்று இங்கிலீஷில் வந்தது. அந்த வரியை மட்டும் எழுத்துக்கூட்டி முழுதும் படித்தேன். வசந்தா பெயரிலிருந்தும் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

பிறகு வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"அவ கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்? நீங்க போயிச் சொல்லுங்க, யக்கா."

அண்ணனூரில்

ஆவடிக்கு அடுத்த ஸ்டேஷன் அண்ணனூர். நஸ்ரீன் வீட்டுக்காரருக்கு அங்கே ரயில் ஷெட்டில் வேலை. வீடு ஷெட்டுக்குப் பின்னால். காலி ரயில் உள்ளே போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும்.

வீட்டில் கால் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும்தான் காலை எடுத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். இஞ்சி அதிகம்.

"அப்ப கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு, நஸ்ரீன் நல்லவன்னு."

"தப்பு என்னுதும்மா."

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. நீங்க யாரு எனக்கு? வேலைக்கு வந்தீங்க, போனீங்க." வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் பல் பதிந்த தழும்பு. "பஸ்ல அவளுக்கு வந்தப்ப நாக்கைக் கடிச்சிக்கப் போறான்னு உள்ள வெச்சேன். வெக்கக் கூடாதாம், டாக்டர் அப்பறம் சொன்னாரு. எனக்கு இன்னா தெரியும்? ரத்தம் ஊத்துது, நான் வுடல. இது கீதே அவ கண்ணு முன்னாடி. இல்லன்னு என் வாயாலயும் சொன்னேன். ரெண்டும் பத்தல அவளுக்கு."

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"அவளை வரச் சொல்லட்டுமா?"

"வரத் தோணுச்சுன்னா உங்களை அனுப்ப மாட்டா."

வாசல் வரை வந்தாள்.

"அந்த மிஷின்ல என் பேரை எடுத்துடுங்க."

பெயரை எடுத்தால் நிற்பது

அடுத்த வாரம் போய் எடுத்தேன். எடுக்கும்போது ஒரு கேள்வி வந்தது. பழைய நானாக இருந்தால் என்டர் தட்டியிருப்பேன். விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். புரியாத வார்த்தையைப் போனில் போட்டுப் பார்த்தேன். இவருடைய போல்டரை வைத்துக்கொள்ளவா, சேர்த்து அழித்துவிடவா என்று கேட்டிருந்தது.

நஸ்ரீன் பெயரைத்தான் எடுக்கச் சொன்னாள். அழிக்கச் சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

பெயரை எடுத்ததும், வரிசையில் அந்தப் போல்டருக்கு உடையவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு நம்பர் நின்றது. ஆயிரத்து நாலு.

ஸ்டெல்லா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன நம்பரு, யக்கா?"

"ஒவ்வொரு பேருக்கும் உள்ள ஒரு நம்பர் கீது. பேரை எடுத்தா நம்பர் நிக்கும்."

"அவ திரும்ப வந்தான்னா?"

"அதே நம்பர்ல பேரைப் போட்டா எல்லாம் பழையபடி அவளுது."

"அதுவரைக்கும் யாரும் தொறக்க முடியாதா?"

"இங்க கீற யாராலயும் முடியாது. பெரிய பாஸ்வேர்டு என்கிட்ட கீது. நான் நெனச்சா தெறக்கலாம். தெறக்க மாட்டேன்."

அவளிடம் இந்த முறை முழுசாகச் சொன்னேன்.

கொரட்டூர், பூந்தமல்லி, திருமழிசை என்று நான் போட்ட இடங்களுக்கெல்லாம் மறுபடி போனேன். சில மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. தப்பைச் சொல்லி, பூட்டி, காட்டிவிட்டு வந்தேன். இரண்டு இடத்தில் திட்டினார்கள். ஓர் இடத்தில் இனிமேல் வராதே என்றார்கள். மற்றவர்களுக்கு அக்கறையே இல்லை. அண்ணாத்தே பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே ஒரு ஞாயிறு வண்டியில் கொண்டு போய் விட்டார்.

ஸ்டெல்லா டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மிஷினில் உட்காரலாம் என்று எழுதியிருந்தார். புதுப் பெண்ணுக்கு வேறு மிஷின் கொடுத்து, ஸ்டெல்லாவைப் பழைய இடத்தில் உட்கார வைத்தார் வசந்தா. வீட்டில் மாமியார் கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை, பிறகு பேசினார். வீட்டுக்காரர் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். இனிமேல் இதில் எழுது, நானும் பார்க்கிறேன் என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சங்கத்தில் வேறு கம்ப்யூட்டர் எடுத்தார்கள். பழையதில் இருந்த எல்லார் போல்டரையும் அதற்கு மாற்ற வேண்டும். அப்போது பில் போடுவது ஸ்டெல்லா.

"நம்பர் மட்டும் இருக்குல்லா, அதையும் எடுத்து வைங்க, யக்கா."

"நஸ்ரீன் பேசறாளா?"

"பஸ் ஸ்டாண்டுல பாத்தா தலைய ஆட்டுவா."

"நீ?"

"நானும் ஆட்டுவேன்."

புதியதில் பெயர் போட உட்கார்ந்தேன். இங்கே ஆயிரத்து ஒன்றில் தொடங்கி லினக்ஸ் நம்பரை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும். நான்காவதாக யார் பெயரைப் போட்டாலும் ஆயிரத்து நாலு அவர்களுக்குப் போய்விடும். போனால், நஸ்ரீனுடைய போல்டர் அவர்களுக்குத் திறந்துவிடும். இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அந்த நம்பரை யாருக்கும் குடுக்காம வைக்க முடியுமா?"

"முடியும். ஒவ்வொண்ணுக்கும் நாமளே நம்பர் சொல்லணும்."

ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் நம்பரோடு அடித்தேன். ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். மூன்று பெயர் முடிந்ததும் அவள் நான்காவது பெயரைச் சொன்னாள்.

ஆயிரத்து மூன்று. அடுத்தது ஆயிரத்து ஐந்து.